துருவுதலும் அறிதலும்

பிறர் குறையைத் துருவி ஆராய்தல் கூடாதென்பது நம் மார்க்கத்தின் தெளிந்த கட்டளை. திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் அதனைத் தடுக்கின்றது. சகோதரனின் குற்றத்தை மறைப்பதே மாண்பு என்றே நாமும் மாணவர்க்குக் கற்பித்து வருகின்றோம். ஆயின், போதைக்கு ஆட்பட்டோர் யார், எத்தனை பேர் என்று கேட்டறியாமல் அவர்களுக்கு மருத்துவம் செய்வது எங்ஙனம்? இவ்வினா ஏட்டளவில் எழுந்ததன்று; ஆப்கானிஸ்தானத்தில் வீட்டு வாசல்தோறும் எழுந்தது.

அந்நாட்டில் 2009இல் ஐக்கிய நாடுகள் அமைப்பு நடத்திய ஆய்வு, 15 முதல் 64 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு எட்டுப் பேர், ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள், போதைப்பொருளுக்கு ஆட்பட்டிருப்பதாக மதிப்பிட்டது. ஊர்ப் பெரியவர், ஆசிரியர், மருத்துவர் ஆகியோரை வினவியும், பழக்கமுடையோரிடம் பேசியும் பெற்ற தொகை அது. பாலத்தடியில் கிடப்பவன் கண்ணிற்படுவான். திரைக்குள் இருக்கும் பெண்ணும், தாய் கம்பளம் நெய்யும்போது அழாதிருக்க அபின் ஊட்டப்பெற்ற குழந்தையும் எவர் கண்ணிற்படுவர்?

ஆகவே 2015இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் வீடுகளுக்கே சென்று சிறுநீர், உமிழ்நீர், தலைமுடி ஆகியவற்றைச் சோதித்தனர். நாவு மறைத்ததை முடி உரைத்தது. நூற்றுக்கு முப்பது வீடுகளில் ஒருவரிடத்தேனும் தடயம் காணப்பட்டது. ஆனால் முடி முழுவதையும் உரைப்பதில்லை. மருத்துவர் எட்டிப்பாராத மலையூரில் அபினே வலிக்கு மருந்து. நோவுக்காக உண்டவளும் மயக்கத்துக்காக உண்டவனும் சோதனையில் ஒன்றே. காரணத்தை அறியப் பெண்ணிடம் பெண்ணே பேசவேண்டும். அந்நாட்டு ஆட்சியாளரோ தொண்டு நிறுவனங்களில் பெண்கள் பணிபுரிவதை 2022 டிசம்பரிலும், ஐக்கிய நாடுகள் அலுவலகங்களில் பணிபுரிவதை 2023 ஏப்ரலிலும் தடுத்தனர்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. பிலிப்பைன்ஸில் 2016இல் தொடங்கிய போதை ஒழிப்புப் போரில், ஐயத்துக்குரியோரின் பெயர்ப்பட்டியல் ஊர்தோறும் தொகுக்கப்பட்டது. காவல்துறை நடவடிக்கைகளில் மாண்டவர் ஆறாயிரத்துக்கும் மேல் என அந்நாட்டு அரசே ஒப்புக்கொண்டது. எண்ணிக்கைக்கும் பெயர்ப்பட்டியலுக்கும் இடையே உள்ள தூரம், சில வேளைகளில் உயிருக்கும் சாவுக்கும் இடையே உள்ள தூரமன்றோ?

அவ்வாறாயின் கேளாதிருப்பதே நலமா? அன்று. மருத்துவர் நோயாளியின் மறைவுறுப்பைக் காணுதல் கூடும். ஆயின் தேவைக்காக ஆகுமானது தேவையின் அளவோடு நிற்கவேண்டும் என்பது ஃபிக்ஹு வகுத்த விதி. ஆய்வாளரும் அவ்விதியில் நிற்கட்டும். நோயை எழுதட்டும், பெயரை எழுதாதிருக்கட்டும். சொல்ல மறுப்பவரை விட்டுவிடட்டும். கேட்ட சொல்லைக் காவலரிடம் சேர்ப்பவர், ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைப் பறிகொடுத்தவரே ஆவார்.

துருவுபவர் தமக்காகக் கேட்கின்றார். அறிய முயல்பவர் விடை சொன்னவருக்காகக் கேட்கின்றார். பிள்ளைக்கு அபின் கொடுத்ததை ஒரு தாய் நாணத்தோடு ஒப்புக்கொண்ட பின், அவ்வாசலுக்கு மருந்து வாராதொழியுமாயின், கேட்டவர் அவளது மானத்தை வாங்கிச் சென்ற கடனாளியே என நாம் கருதுகின்றோம்.