விரிப்பின் கீழே ஒரு விரிசல்

புதுப்பொருளை வாங்குபவன் கடையை நம்புகிறான். பழம்பொருளை வாங்குபவன் மனிதனை நம்புகிறான். இவ்விரு நம்பிக்கைகளும் ஒன்றல்ல. கடைக்குப் பெயர் உண்டு, பற்றுச்சீட்டு உண்டு, குறையிருப்பின் மாற்றித் தருவதாக எழுதிக் கொடுத்த உறுதியும் பெரும்பாலும் உண்டு. தன் வீட்டுப் பழம்பொருளை விற்பவனிடம் இவற்றுள் ஒன்றும் இல்லை. அவனுடைய வாய்ச்சொல் ஒன்றே அங்கு முத்திரை. ஆகவே ஒருவனுடைய வாய்மை எத்தகையது என்பதை உரைத்துப் பார்க்கப் பழம்பொருள் விற்பனையைப் போன்ற உரைகல் வேறில்லை எனலாம்.

இதனை ஆராய்வதற்குப் பில்லியர்ட்ஸ் மேசை ஒன்றை எடுத்துக் கொள்வோம். பச்சை விரிப்பும் ஆறு குழிகளும் கொண்டு, கோலால் பந்தைத் தள்ளி விளையாடும் அந்த மேசைதான். “செல்வர் வீட்டு விளையாட்டுப் பொருளைப் பற்றி நமக்கென்ன பேச்சு?” என வாசகருள் சிலர் எண்ணக்கூடும். அவ்விளையாட்டு நமக்கு முற்றிலும் அயலானதன்று. அதன் ஒரு வகையாகிய ஸ்னூக்கர், 1875ஆம் ஆண்டில் ஜபல்பூரில் இருந்த படை அதிகாரிகளிடையே தோன்றியது என்பர். அதன் விதிகள் 1882ஆம் ஆண்டளவில் நமது உதகமண்டலத்து மன்றம் ஒன்றில்தான் வரையறை பெற்றன. இன்று நகரங்களில் வாழ்வோரும் கடல் கடந்து வாழ்வோரும், பிள்ளைகள் மாலை வேளையில் வீட்டிலேயே தங்கட்டும் என்னும் நல்லெண்ணத்தில் இத்தகைய மேசையை வாங்க முற்படுகின்றனர். புதியதன் விலை மலைக்க வைக்கவே, பழையதைத் தேடுகின்றனர். தம் பிள்ளைகள் வளர்ந்து வேற்றூர் சென்ற பின், இடத்தை அடைத்து நிற்கும் மேசையை விற்றுவிட விரும்புவோரும் இருக்கின்றனர். இவ்விருவரும் சந்திக்கும் இடத்தில்தான் நம் கேள்வி பிறக்கிறது.

நான் இப்பொருளைத் தேர்ந்ததற்குக் காரணம், அதன் உயிர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதே. முற்காலத்தில் மேசையின் தளம் மரமாக இருந்தது. வெப்பத்திலும் ஈரத்திலும் மரம் வளையும். தளம் வளைந்தால் பந்து நேரே ஓடாது. லண்டனில் மேசை செய்து வந்த ஜான் தர்ஸ்டன் 1826ஆம் ஆண்டில் சிலேட்டுக்கல்லால் தளம் அமைத்தார். நல்ல மேசைகள் இன்றளவும் அவ்வாறே அமைகின்றன. ஏறத்தாழ ஓர் அங்குலக் கனமுள்ள கற்பலகைகள் பெரும்பாலும் மூன்றாக இணைக்கப்படும். இணைப்புகளில் மெழுகு நிரப்பிச் சமன் செய்வர். அதன்மேல் கம்பளித் துணியை இழுத்துப் பொருத்துவர். எட்டடி மேசை ஒன்று ஏறக்குறைய 400 கிலோ எடையிருக்கும்.

இடம் மாற்ற வேண்டுமாயின் துணியை நீக்கி, பலகைகளைத் தனித்தனியே கழற்றிச் சுமக்க வேண்டும். செலவுக்கு அஞ்சி முழு மேசையையும் இழுத்தாலோ, பலகையொன்றைக் கைதவற விட்டாலோ கல் விரிசல் காணும். விரிசலை அடைத்துப் புதுத் துணி போர்த்திவிட்டால் மேசை மணப்பெண் போல நிற்கும். ஆனால் மெல்ல உருண்டு வரும் பந்து அந்தக் கோட்டை அடைந்ததும் சற்றே விலகும். இன்னும் சில மேசைகளில் கல்லே இராது. அழுத்திச் செய்த மரப்பலகை இருக்கும். மழைக்கால ஈரத்தில் அது நடுவே தாழும். துணி போர்த்திய பின் கல்லும் பலகையும் கண்ணுக்கு ஒன்றே.

வாங்குபவன் சிலவற்றைத் தானே சோதிக்கலாம். இரசமட்டம் வைத்துப் பார்க்கலாம். பந்தை நாற்புறமும் உருட்டிப் பார்க்கலாம். ஓரத்து ரப்பர் இறுகிப் போயிருந்தால் பந்து துள்ளாமல் சோர்ந்து விழும், அதையும் அறியலாம். தன் வீட்டு அறையை அளப்பது அவன் பொறுப்பேயன்றி விற்பவன் பொறுப்பன்று. எட்டடி மேசையின் ஆடுதளம் 88 அங்குல நீளமும் 44 அங்குல அகலமும் உடையது; கோலின் நீளம் 58 அங்குலம்; நாற்புறமும் கோலை இழுத்து ஆட 17 அடி நீளமும் 13 அடி 4 அங்குல அகலமும் உள்ள அறை வேண்டும். இவையெல்லாம் அறிவால் அறியத்தக்கவை. ஆனால் ஒட்டிய துணியைக் கிழிக்காமல், அடைத்து மறைத்த விரிசலை எவ்வாறு அறிவது? அதனை அறிந்தவன் ஒருவனே, அவன் விற்பவன்.

அவன் பொய் சொல்லவில்லை என்றே கொள்வோம். “விரிசல் இல்லை” என்று அவன் கூறவில்லை. வாங்குபவன் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இந்த மௌனம் குற்றமா?

இது இன்று நேற்றுத் தோன்றிய வினா அன்று. கி.மு. 44இல் ரோமானிய அறிஞர் சிசரோ தம் மகனுக்கெழுதிய கடமைகள் பற்றிய நூலில் இதே வழக்கை எடுத்துரைக்கிறார். நோய் பரப்பும் வீடொன்று; அதன் கேடு உரிமையாளன் ஒருவனுக்கே தெரியும்; சொல்லாமல் விற்கிறான். பாபிலோனிய டயோஜனிஸ் என்னும் ஞானி, சொல்லாமல் விடுவது வேறு, மறைப்பது வேறு என வாதிட்டார். வாங்கு என்று எவரையும் வற்புறுத்தவில்லையே என்பது அவர் கட்சி. அவருடைய மாணவர் ஆன்டிபேட்டரோ, வழி தவறியவனுக்கு வழி காட்ட மறுப்பதினும் இது கொடிது என்றார். சிசரோ மாணவர் பக்கமே நின்றார்.

நம் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவில், பேச வேண்டிய கடமை இருந்தாலன்றி வெறும் மௌனம் மோசடியாகாது என்கிறது. அதற்கு அது தரும் விளக்கம் சிந்திக்கத்தக்கது. ஒருவன் நலங்கெட்ட குதிரையை, அதன் கேட்டை அறிந்தே, ஏலத்தில் விற்கிறான், ஒன்றும் கூறவில்லை, இது மோசடியன்று. ஆனால் வாங்குபவள் அப்போதுதான் பருவ வயதெய்திய அவனுடைய மகளாயிருப்பின், சொல்ல வேண்டிய கடமை அவனுக்கு உண்டு. இவ்வாறு சட்டம் அந்நியனுக்கு ஓர் அளவும் மகளுக்கு ஓர் அளவும் வகுக்கிறது. சட்டத்தைப் பழிப்பதற்காக இதைக் கூறவில்லை. மௌனத்தைச் சட்டம் புகழவில்லை; தண்டிக்காமல் விடுகிறது, அவ்வளவே. நீதிமன்றம் எல்லா வீட்டுக் கதவையும் தட்டிக் கொண்டிருக்க இயலாது. ஆனால் சட்டம் விட்டுவிட்ட இடத்தை மனச்சான்றும் விட்டுவிடலாமா?

குதிரை என்றதும் மற்றொரு குதிரை நினைவுக்கு வருகிறது. நபித்தோழர் ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக அவர்தம் பணியாள் ஒரு குதிரையை 300 திர்ஹத்துக்குப் பேசி முடித்து, பணம் பெறுவதற்காக உரிமையாளரையும் உடன் அழைத்து வந்தார். ஜரீர் குதிரையைக் கண்டார். இது அவ்விலைக்கு மேலானது, 400க்குத் தருகிறீரா என்றார். பின்னர் 500 என்றார். இவ்வாறே உயர்த்தி 800 கொடுத்து வாங்கினார். காரணம் வினவியபோது, எல்லா முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் தாம் வாக்களித்திருப்பதைக் கூறினார்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் ‘இஹ்யா’வில் எடுத்துரைக்கும் இன்னொரு நிகழ்ச்சியில் விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாமவர் ஒருவர் வருகிறார். ஒருவர் தம் ஒட்டகத்தை 300 திர்ஹத்துக்கு விற்றுவிட்டார். அங்கு நின்ற வாஸிலா (ரலி) அவர்கள், வாங்கியவர் சென்ற பின்னரே அதை உணர்ந்து அவர் பின்னே விரைந்தார். இறைச்சிக்கா, பயணத்துக்கா என்று கேட்டார். பயணத்துக்கு என்று அறிந்ததும், அதன் குளம்பில் துளையிருப்பதையும் அது நெடுவழி தாங்காது என்பதையும் கூறினார். விலையில் 100 திர்ஹம் குறைந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்தீரே என்று விற்றவர் நொந்தார். கெடுத்தாரா? இல்லை, அதனை வியாபாரமாக ஆக்கினார்! அதற்கு முன் அது விலைபேசிய ஏமாற்றமாகவே இருந்தது.

“அப்படியானால் விற்பவன் தன் பொருளின் எல்லாக் குறையையும் பட்டியலிட வேண்டுமா? எதிர்த்தெருவில் மலிவாகக் கிடைப்பதையும் கூற வேண்டுமா?” என்று வினவுவோர் உண்டு. நியாயமான வினாவே. ஃபிக்ஹு நூலோர் இதற்கு எல்லை வகுத்துள்ளனர். ஷாஃபிஈ மத்ஹபின்படி, பொருளின் மதிப்பைக் குறைப்பதாகவோ அதை வாங்கும் நோக்கத்தைக் கெடுப்பதாகவோ இருந்து, அவ்வகைப் பொருளில் வழக்கமாக எதிர்பார்க்கப்படாததாகவும் இருப்பதே ‘ஐப்’ எனப்படும் குறையாகும். இந்த அளவுகோலை நம் மேசையின் மீது வைத்துப் பாருங்கள். நிறம் மங்கிய துணி குறையன்று. பழைய மேசையில் அது எதிர்பார்க்கத்தக்கதே. கல்லின் விரிசல் குறை. கல் என எண்ணி வாங்குபவனுக்குப் பலகையைக் கொடுப்பது அதனினும் பெருங்குறை. எதிர்த்தெருவின் விலையோ பொருளின் குறையே அன்று. அது சந்தைச் செய்தி.

“இருப்பது இருந்தபடியே, பிறகு என்னைக் கேட்கக் கூடாது” என்று கூறிவிட்டால் போதாதா? ஹனஃபீ மத்ஹபில் அத்தகைய நிபந்தனை செல்லும். ஷாஃபிஈ மத்ஹபில், கால்நடையின் உள்ளே மறைந்து கிடந்து விற்பவனும் அறியாதிருந்த குறைக்கு மட்டுமே அது விலக்களிக்கும். ஆனால் தீர்ப்பு எவ்வாறாயினும், அறிந்தே மறைத்தவனின் பாவத்தை எந்த நிபந்தனையும் கழுவாது. “பழையது” என்னும் சொல் பொருளின் வயதைக் கூறுமேயன்றி, அதன் விரிசலைக் கூறாது.

இனி வாங்குபவனையும் விசாரிப்போம். கணவரை இழந்த மாது ஒருவர், அவர் விட்டுச் சென்ற மேசையை வெறும் மரச்சாமானாக எண்ணி அற்ப விலை கூறுகிறார். உயர்ந்த கல், பழமையான வேலைப்பாடு என்பதை வாங்குபவன் அறிவான். அவன் வாய் திறக்க வேண்டுமா? அவன் ஏமாற்றாதவரை விற்பனை செல்லும். இங்கேதான் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) நீதியையும் இஹ்ஸானையும் தனித்தனியே வைத்துப் பேசுவதன் நுட்பம் விளங்குகிறது. நீதி பிறர்க்குத் தீங்கிழையாமை. இஹ்ஸான் அதற்கு மேல் ஒரு படி. ஜரீர் (ரலி) ஏறிய படி அது. ஆனால் அம்மாது, “இது என்ன பெறும்? நீங்களே கூறுங்கள்” என்று கேட்டுவிட்டால், அக்கணமே அவன் வாங்குபவன் மட்டுமல்லன், ஆலோசனை கேட்கப்பட்டவனும் ஆகிறான். ஆலோசனை அமானிதம். அதன் பின் மௌனமும் குறைத்துச் சொல்வதும் துரோகமே.

இத்தகைய மேசை வீட்டிற்கு வரலாமா என்றும் சிலர் கேட்பர். பந்தயம் கட்டி ஆடிய கூடத்திலிருந்து வந்த மேசையாயினும், கல்லுக்கும் மரத்துக்கும் பாவமில்லை. பணம் வைத்து ஆடுவது சூது. தொழுகை நேரத்தையும் படிப்பையும் விழுங்குமாயின் பணமில்லா ஆட்டமும் கேடே. இவற்றுக்கு வேலியிடுவது இல்லத்துப் பெரியவர் கடமை. ஆனால் அதனினும் முந்திய கடமை, அம்மேசை எவ்வழியில் வீட்டுக்கு வந்தது, எவ்வழியில் வீட்டை விட்டுப் போகிறது என்பதில் இருக்கிறது.

ஏனெனில் பிள்ளைகள் பார்த்துக் கொண்டிருக்கின்றனர். இவ்விளையாட்டில் ஒரு நன்மரபு உண்டு. ஆடுபவன் ஆடையோ கையோ தவறிப் பந்தில் பட்டுவிட்டால், நடுவரும் எதிரியும் காணாவிடினும், அவன் தானே முன்வந்து தன் தவற்றைக் கூறுவான். அதனால் ஆட்டத்தில் தோற்கவும் நேரலாம், இருந்தும் கூறுவான். இதனைத் தன் மகனுக்குக் கற்பிக்கும் தந்தை, அதே மேசையை விற்கும் நாளில் விரிசலைப் பற்றி வாய் மூடியிருந்தால், மகன் எதைக் கற்றுக் கொள்வான்? விளையாட்டில் உண்மை வேண்டும், வாழ்க்கையில் வேண்டியதில்லை என்றல்லவா?

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும் என்றும், மறைத்துப் பொய்யுரைத்தால் அது அழிந்துவிடும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். விரிசலைச் சொன்னால் விலை குறையும், அது உண்மை. குறைந்த விலைக்கு வாங்கியவன் மனநிறைவோடு கல்லை மாற்றிக் கொள்வான். விற்றவன் குறைந்த பணத்தோடு உறங்குவான். சொல்லாமல் பெற்ற அந்த மிகுதிப் பணத்துக்கு என்ன பெயர் என்பதை மட்டும், அருமை வாசகர்களே, ஒவ்வொருவரும் தம் மகளைப் பார்த்துச் சொல்லிப் பார்க்கட்டும்.