குடத்தின் ஓசை

2019 கோடையில் செங்குன்றம், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டன. கே.கே. நகரில் நம் தெருவுக்குத் தண்ணீர் லாரி நள்ளிரவில் வரும். குடங்களின் ஓசையால் உறக்கம் கெட்டதென்று காலையில் கண்டவரிடமெல்லாம் முறையிட்டோம். நம் வீட்டு ஆழ்குழாயில் அப்போதும் நீர் இருந்தது. குடம் சுமந்த தாய்மார்களோ உறக்கத்தைப் பற்றிப் பேசவேயில்லை. தண்ணீர் கிடைத்ததே என்றார்கள். நாம் வெட்கினோம்.

அரபு மொழியில் 'ஷகா' என்றால் முறையிட்டான். 'ஷகர' என்றால் நன்றி செலுத்தினான். எழுத்தில் கடைசி ஒன்றே வேறு. குறை கூறவே கூடாதென்பதன்று நம் கருத்து. தண்ணீர் வராததைக் குடிநீர் வாரியத்திடம் முறையிட்டால் தெருவே பயன்பெறும். உறக்கம் கெட்டதைத் தெருவிடம் முறையிட்டு யாருக்குப் பயன்? அன்பர்களே, நமக்கு இரைச்சலாய் இருப்பது அண்டை வீட்டாருக்கு ரஹ்மத்தாக இருக்குமோவென்று, வாய் திறக்குமுன் எண்ணிப் பார்ப்போமாக!