கண்ணால் போடும் எடை

கல்யாண மண்டபங்களில் பந்திக்கு முன்பே ஒரு பரிசோதனை முடிந்துவிடும். "என்னடி, இப்படிப் போட்டுட்டே?" என்பார் ஓர் அத்தை. "வாயைக் கட்டணும்மா" என்று பக்கத்திலிருந்து இன்னொருவர் மருந்தும் எழுதித் தருவார். குண்டாக இருந்தால் நாக்கை அடக்கத் தெரியாதவர், ஒல்லியாக இருந்தால் ஆரோக்கியசாலி. இந்த இரண்டு தீர்ப்புமே தப்பு என்றுதான் எனக்குப் படுகிறது.

முதலில் நாக்கை எடுத்துக்கொள்வோம். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களை ஆய்வுக்கு எடுத்து, ஏறக்குறைய ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் வைத்தார். மனசாட்சிக்கு விரோதம் என்று போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள் அவர்கள். பட்டினியில் வாடிய மக்களுக்கு உதவும் என்று தாங்களாகவே முன்வந்தவர்கள். மன உறுதிக்கு அவர்களிடம் பஞ்சமில்லை. ஆனாலும் நாள் போகப் போகச் சாப்பாட்டு நினைப்பே அவர்களை ஆட்டிவைத்தது. சிலர் சமையல் புத்தகங்களைத் தேடிப் படித்தார்கள். உடம்பு குளிர்ந்தது, நாடி தளர்ந்தது. கட்டுப்பாடு நீங்கியபோது எவ்வளவு சாப்பிட்டும் பலருக்குப் பசி அடங்கவில்லை. இழந்த கொழுப்பு முன்பைவிடக் கூடுதலாகவே வந்து ஒட்டிக்கொண்டது.

இதன் சூத்திரம் 1994இல் லெப்டின் ஹார்மோனைக் கண்டுபிடித்தபோது ஓரளவு புரிந்தது. கொழுப்புத் திசுவே இதைச் சுரந்து, கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்லி அனுப்புகிறது. கொழுப்பு கரைந்தால் லெப்டின் இறங்கும். பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை பசியைக் கூட்டும், செலவைச் சுருக்கும். அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்துச் சோதித்த ஆய்வு 2016இல் வெளியானது. பெரும்பாலோருக்கு எடை ஏறியிருந்தது. அவர்கள் உடம்போ, எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. ஏறக்குறைய ஒருவேளைச் சாப்பாடு! இவர்களிடம் போய் வாயைக் கட்டு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இனி ஒல்லிக்காரர்கள். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே போட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. உடம்புக் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. நம்மவர்களுக்குத் தசை குறைவு, கொழுப்பு வயிற்றைச் சுற்றி. கை கால் குச்சியாக இருந்து, சட்டைக்குள் சின்னத் தொப்பை மட்டும் தள்ளும் நாற்பது வயதுக்காரரை மண்டபத்தில் யாரும் விசாரிப்பதில்லை. சர்க்கரை நோய் விசாரித்துக்கொண்டு வரும். இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23 தாண்டினாலே கூடுதல் எடை என்று மருத்துவர்கள் கணக்கு வைத்திருப்பது அதனால்தான்.

எடை மிஷினைவிட, தையற்காரரின் இன்ச் டேப்பை நான் நம்புகிறேன். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80: அதற்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். தாண்டியிருந்தால், சாம்பாருக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு என்ற வரிசையில் ஒன்றைக் குறைத்து அந்த இடத்தில் பொரியலும் சுண்டலும் வைக்கலாம். நடையோடு, தசைக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும். பத்து நாள் ஜூஸ் மட்டும் குடிக்கும் வீரம் வேண்டாம். மினசோட்டாவில் நடந்ததுதான் அங்கேயும் நடக்கும்.

இப்போது செமாக்ளூடைடு ஊசி வந்திருக்கிறது. பசியைத் தணிக்கிறது, எடையும் இறங்குகிறது. நிறுத்தினால் பெரும்பாலோருக்குப் போனதில் பெரும்பங்கு திரும்பிவிடுகிறது. "அப்போ ஆயுசுக்கும் போடணுமா?" என்று முகம் சுளிக்கிறார்கள். பிரஷர் மாத்திரையை ஆயுசுக்கும் போடும்போது யாரும் அப்படிச் சுளித்து நான் பார்த்ததில்லை.