உருளைக்கிழங்கும் உபதேசமும்

நமது நாட்டில் கமத்தொழில் முறைகளைக் கமக்காரருக்கு எடுத்துரைக்க அரசாங்கம் நியமிக்கும் உத்தியோகத்தரை விவசாயப் போதனாசிரியர் என்று அழைக்கின்றோம். அப்பெயரில் ஆசிரியர் என்னும் சொல் அமைந்திருப்பது பொருத்தமானதே. ஆயினும் அச்சொல்லைச் சூடிக்கொள்ளும் எவருக்கும் அதற்குரிய அறக்கடமையும் உண்டு. வகுப்பறையிலே தவறாகக் கற்பித்தால் மாணவன் பரீட்சையில் தவறுகின்றான். தோட்டத்திலே தவறாகக் கற்பித்தால் ஒரு குடும்பம் அடகுவைத்த நகையை மீட்க முடியாமற் போகின்றது. கற்பித்தவரின் சம்பளமோ இரண்டிடத்திலும் குறைவதில்லை. அவ்வாறாயின், ஒருவருடைய பிழைப்பைப் பற்றி அவருக்கே பாடஞ் சொல்லும் உரிமை எப்பொழுது நியாயமாகின்றது?

இக்கேள்வியை உருளைக்கிழங்கை முன்வைத்து ஆராய்வோம். நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளிலும் யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களிலும் சிறு கமக்காரரே பெரும்பாலும் இதனைப் பயிரிடுகின்றனர். இது ஏறத்தாழ மூன்று மாதப் பயிர். ஒரு ஹெக்டயருக்கு ஏறக்குறைய இரண்டு தொன் விதைக்கிழங்கு வேண்டும். செலவிலே பெரும்பங்கை அதுவே விழுங்கிவிடும். வெளிறல் நோய் பிடித்தால் ஒரு சில நாள்களிலே தோட்டம் கருகிவிடும். யாவும் தப்பினாலும், ஒரு பகுதியார் அனைவரும் ஒரே வாரங்களிற் கிழங்கு கிண்டுவதால் சந்தை நிரம்பி விலை சரியும்.

இத்தகைய பயிருக்குப் பயிற்சி வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. கமக்காரர் யாவும் அறிந்தவர், அவருக்கு எவரும் எதுவும் சொல்லவேண்டியதில்லை என்று புகழ்ந்துரைப்பது பட்டணத்திலிருந்து கிராமத்தைப் பாடுவோரின் சோம்பல். பற்றீரியா வாடல் நோய் விதைக்கிழங்குக்குள் மறைந்திருக்கும்போது அது வெறுங் கண்ணுக்குத் தெரிவதில்லை. வரவு செலவுக் கணக்கு எழுதாதவருக்குத் தம்முடைய உழைப்பின் விலையும் தெரிவதில்லை. அறிவியலையும் கணக்கையும் உழைப்பாளிக்கு மறுப்பது அவரைக் கடன்கொடுப்போனிடம் ஒப்படைப்பதாகும்.

எனினும் இன்றைய பயிற்சிகளிலே வேறொரு பாடமும் கலந்துள்ளது. ‘தொழில்முயற்சியாண்மை’ என்பது அதன் பெயர். சிறு கமக்காரரை நோக்கி, ‘நீர் ஒரு முயற்சியாளர், சந்தையை அறிந்து நடந்தால் இலாபம் உம்முடையது’ என்று அது கூறுகின்றது. கேட்பதற்கு இனிமையான வார்த்தைதான். ஆனால் இலாபம் அவருடைய திறமையின் பயன் என்றால், நட்டமும் அவருடைய திறமையின்மையின் பயனே என்றாகிவிடும். சொல்லாமற் சொல்லப்படும் இந்த இரண்டாம் பாதியிலேதான் அநீதி உறைந்திருக்கின்றது.

இது புதிய வாதமன்று. 1845 இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை வெளிறல் நோய் தாக்கியது. அதனைத் தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். ஏறக்குறைய அத்தனை பேர் நாட்டைவிட்டு வெளியேறினர். அதே ஆண்டுகளில் அந்நாட்டின் தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தன. சிறு துண்டு நிலத்திலே குடும்பத்தின் வயிற்றை நிரப்பவல்ல பயிர் கிழங்கொன்றே என்பதாலும், மற்ற விளைவு குத்தகைக்குப் போய்விட்டதாலும், குடியானவர் அதையே நம்பியிருந்தனர். நிவாரணத்துக்குப் பொறுப்பாயிருந்த பிரித்தானியத் திறைசேரி அதிகாரி சார்ள்ஸ் திரெவெலியனோ, பஞ்சத்தைக் காட்டிலும் அம்மக்களின் ஒழுக்கக் குறைவையே பெருந்தீமையாகக் கண்டார். நோயின் காரணி இன்னதென்று ஜேர்மன் விஞ்ஞானி டி பாரி ஐயமற நிறுவியது 1861 இலேயே. அறிவியலுக்கே தெளிவாகாதிருந்த ஒன்றுக்காகக் குடியானவர் குற்றவாளியாக்கப்பட்டார். குத்தகை வாங்கியோர் குற்றவாளிகளாகவில்லை.

நமது நாட்டு அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. 1967 இல் உருளைக்கிழங்கு இறக்குமதி தடைசெய்யப்பட்டது. மலைநாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் பயிர்ச்செய்கை பெருகியது. கமக்காரர் கெட்டிக்காரர் எனப் பெயரெடுத்தனர். 1996 இல் இறக்குமதிக்கு வழி திறக்கப்பட்டது. மலைநாட்டிலே விலை விழுந்தது. பயிரிட்ட பரப்பும் சுருங்கியது. இடையிலே அவர்கள் தம் தொழிலை மறந்துவிட்டார்களா? அதே கைகள், அதே மண்வெட்டி, அதே மண். மாறியது கொழும்பிலே எழுதப்பட்ட கட்டளை ஒன்றே. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டபோதும் இதுவே நிகழ்ந்தது. மேலிடத்தின் பரிசோதனைக்கு விலை கொடுத்தவர் தோட்டத்திலே நின்றவர்.

வியாபாரப் பயிற்சியின் உரைகல் எதுவென்பதை ஓர் உதாரணத்தாற் காட்டலாம். யாழ்ப்பாணச் சந்தைகளிலே நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் ‘கழிவு’ என்று வியாபாரி கழித்துக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றிக் கமக்காரர் பல்லாண்டுகளாக முறையிட்டு வந்துள்ளனர். ஆயிரம் கிலோ கொண்டுபோனவர் தொள்ளாயிரம் கிலோவுக்கே பணம் பெறுவார். இந்த நூறு கிலோவைக் கணக்குப் புத்தகத்தில் எங்கே எழுதுவது? ‘செலவு’ என்று எழுதச் சொல்லும் போதனாசிரியர் கணக்கைக் கற்பிக்கவில்லை, பணிவைக் கற்பிக்கின்றார். ‘இது ஏன் கழிக்கப்படுகின்றது, யார் விதித்த விதி’ என்று கேட்கச் செய்பவரே கணக்கைக் கற்பிக்கின்றார்.

அக்கேள்வியைத் தனியொருவர் கேட்டுப் பயனில்லை என்பதும் உண்மை. விடியற்காலையிலே மூட்டைகளை இறக்கிவைத்துக் கடன்காரனை நினைத்து நிற்பவர் ‘விற்கமாட்டேன்’ என்று சொல்ல இயலாது; அவர் மறுத்தால் பக்கத்தில் நிற்பவர் விற்பார். பேரம்பேசும் திறமை என்பது நாவன்மையன்று. பொறுத்திருக்கும் வலிமையே அது. அவ்வலிமை பொதுக் களஞ்சியத்தாலும், பொதுத் தராசாலும், கூடி எடுக்கும் முடிவாலும் வருவது. 1957 இல் பிலிப் குணவர்த்தன அமைச்சராயிருந்தபோது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோற்றுவிக்கப்பட்டமைக்கு அடியிலிருந்த எண்ணமும் இதுவே. சங்கங்கள் பின்னர் எங்கெங்கே தளர்ந்தன என்பதை ஆராய்வதும் வியாபாரப் பயிற்சியின் ஒரு பாடமாக வேண்டும்.

கற்பிக்கும் முறையும் இதற்கு ஏற்ப மாறவேண்டும். பிரேசில் நாட்டுக் கல்விச் சிந்தனையாளர் பாவுலோ பிரெய்ரே 1960களிற் சிலி நாட்டிலே கிராமியக் கல்விப் பணியாற்றியபோது, விவசாய ‘விரிவாக்கம்’ என்ற சொல்லையே கேள்விக்குள்ளாக்கினார். அறிந்தவர் நீட்ட அறியாதவர் ஏற்பது கல்வியாகாது, இருவரும் ஒரு பொருளை முன்வைத்து உரையாடுவதே கல்வி என்பது அவர் கருத்து. 1989 இல் இந்தோனேசியாவிலே தொடங்கிய வயற்பள்ளிகளிற் கமக்காரர் வாரந்தோறும் நெல்வயலில் இறங்கிப் பூச்சிகளை எண்ணினர். கண்டதைப் படமாக வரைந்தனர். மருந்து வேண்டுமா என்பதைத் தாமே கூடி முடிவுசெய்தனர். பின்னர் அம்முறை அந்தீஸ் மலைநாடுகளில் உருளைக்கிழங்குக்கும் எடுத்தாளப்பட்டது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் இக்கிழங்கைக் காட்டிலிருந்து தோட்டத்துக்குக் கொண்டுவந்தவரும், இரவுப் பனியிலே உறையவைத்துப் பகல் வெயிலிலே காயவைத்துப் பல்லாண்டு சேமிக்கக் கண்டறிந்தவரும் அம்மலைகளின் உழவரே. அவர்களுடைய வாரிசுகளுக்கு முன்னால் எந்த விஞ்ஞானியும் மாணவராகவும் அமரவேண்டியவரே.

இன்னுமொரு கேள்வியையும் நாம் தவிர்க்கலாகாது. பயிற்சி வகுப்புக்கு அழைக்கப்படுபவர் யார்? காணியின் பெயரிலே பதிவுள்ளவர். குனிந்து களைபிடுங்கும் பெண்ணும், கிழங்கு பொறுக்கும் நாட்கூலியும், மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களிற் கூலிக்கு உழைக்கும் லயத்துத் தொழிலாளியும் அங்கே அமர்கிறார்களா? கமக்காரர் எழுதும் கணக்கிலே அவர்களுடைய கூலி ‘குறைக்கவேண்டிய செலவு’ என்று மட்டுமே இடம்பெறுமாயின், மேலேயிருந்து தமக்கு இழைக்கப்பட்ட அநீதியை அவர் கீழே இறக்கிவைக்கப் பழகுகின்றார் என்பதே பொருள்.

ஆகவே, கற்பிப்பதா வேண்டாமா என்பதன்று கேள்வி. நோயைப் பற்றியும், விதையைப் பற்றியும், கணக்கைப் பற்றியும் குறைவறக் கற்பிக்கவேண்டும்; அக்கணக்கு இட்டுச்செல்லும் இடத்துக்கு அஞ்சாமல் உடன்செல்லவும் வேண்டும். நடுகைக்கு முன்னர் மண்டபத்திலே நின்று போதித்தவர், அறுவடைக்குப் பின்னர் விடியற்காலைச் சந்தைக்கும் வரட்டும். தம்முடைய மாணவரின் மூட்டைகள் தராசில் ஏறும்போது அவர் பக்கத்திலே நிற்கட்டும்.