தீர்மானத்தை முன்மொழிந்தவர்

1975 ஜூலையில் நெருக்கடி நிலைக்கு ஒப்புதல் கோரும் தீர்மானத்தை மக்களவையில் முன்மொழிந்தவர் ஜகஜீவன் ராம். 1977 பிப்ரவரி 2 அன்று, தேர்தல் அறிவிப்பு வந்து இரண்டு வாரம் கழித்து, அந்த நெருக்கடி நிலையையே கண்டித்துப் பதவி விலகினார். மார்ச்சில் காங்கிரஸ் தோற்றது. புதிய அரசில் அவர் பாதுகாப்பு அமைச்சர்.

அவர் வெளியேறியதால் நாட்டுக்கு நன்மை விளைந்தது. நேரு காலத்திலிருந்து அமைச்சராக இருந்த மூத்த தலித் தலைவர் வெளியே வந்ததும் பலருக்குப் பயம் தெளிந்தது. மனம் மாறுவதும் குற்றமாகாது. கேள்வி, இடைப்பட்ட பத்தொன்பது மாதங்களைப் பற்றியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். சென்னை மத்தியச் சிறையில் அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு இறந்தது 1977 ஜனவரியில். அப்போதும் ஜகஜீவன் ராம் அமைச்சர்தான்.

எதிர்த்திருந்தால் அவரையும் சிறையில் தள்ளியிருப்பார்கள் என்பது அவர் தரப்பு நியாயம். அதை ஒதுக்கிவிட முடியாது. காங்கிரஸ் செயற்குழுவில் இருந்த சந்திரசேகரே சிறைக்குப் போனார். ஆனால் 1975 ஜூன் 26 காலை அமைச்சரவை கூடியபோது, 1971 முதல் ஒரு நெருக்கடி நிலை அமலில் இருக்க இன்னொன்று எதற்கு என்று சக அமைச்சர் ஸ்வரண் சிங் கேட்டார். ஆண்டு முடிவதற்குள் அமைச்சர் பதவி போனது, சிறை வரவில்லை. (பின்னாளில் அரசியலமைப்பின் 42ஆவது திருத்தத்துக்கு வழிவகுத்த குழுவுக்கு அவரே தலைமை ஏற்றார், அவரை வீரராக்க வேண்டியதில்லை.) வாய் திறக்கவும் இடம் இருந்தது என்பதற்கு அந்த ஒரு கேள்வி சாட்சி.

பயந்தேன் என்று ஒருவர் சொன்னால் மனிதர்கள் புரிந்துகொள்வார்கள். ‘அந்த அரசு செய்தது’ என்று படர்க்கையில் பேசினால்தான் மனம் ஒப்பாது. அந்த அரசின் தீர்மானத்தைப் படித்த குரல் ஜகஜீவன் ராமுடையது. எதை நம்பி முன்மொழிந்தார், எப்போது தவறென்று தெரிந்தது, தெரிந்த பின்னும் ஏன் இருந்தார் என்று விவரமாகச் சொல்லும் கடமை, விலகியதால் தீர்ந்துவிடாது.

காவலிலிருந்து வந்த மொரார்ஜி தேசாயும் வாஜ்பாயியும் அவரோடு ஒரே அமைச்சரவையில் அமர்ந்தார்கள். தங்கள் பங்குக்கு அவர்கள் மன்னித்திருக்கலாம். நெருக்கடி நிலையின்போது டெல்லியின் துர்க்மான் கேட்டில் வீடு இடிபட்டவர் சார்பில், பிடித்துப் போய்க் கருத்தடை செய்யப்பட்டவர் சார்பில் மன்னிக்கும் உரிமையை அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.