பிரித்துப் போட்டால் பொறுப்புத் தீருமா?

பட்டினப்பாக்கம் கடற்கரையில், பெருமழை ஓய்ந்த மறுநாள் காலையில் போய் நின்று பாருங்கள். அடையாறு கடலில் கலக்கும் இடம் பக்கத்திலேயே இருக்கிறது. நகரத்து மக்கள் ஆற்றில் எறிந்த பைகளும் பாட்டில்களும் அலையில் அடித்து வரப்பட்டுக் கரையில் ஒதுங்கிக் கிடக்கும். மீனவர்களின் வலைகளிலும் அவைதாம் சிக்குகின்றன.

பள்ளிக்கூடங்களில் இன்று நம் பிள்ளைகளுக்கு இதைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 1991-ஆம் ஆண்டு ஆணையிட்டது. பச்சைத் தொட்டியில் மக்கும் குப்பை, நீலத் தொட்டியில் மக்காத குப்பை என்று சின்னஞ்சிறு பிள்ளையும் ஒப்பிக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால், பிரித்துப் போட்டுவிட்டால் வீண்விரயம் செய்த குற்றம் நீங்கிவிடுமா?

நீங்காது. தவ்பாவின் வாசல் திறந்திருக்கிறது என்று துணிந்து பாவம் செய்பவனை யாராவது அறிவாளி என்பார்களா? மறுசுழற்சியும் அப்படித்தான். அது நேர்ந்துவிட்டதற்குப் பரிகாரம். வீணாக்குவதற்கு அனுமதி அல்ல.

எல்லாப் பொருளும் மீண்டும் பயன்படுவதுமில்லை. தண்ணீர் பாட்டிலைப் பழைய பேப்பர் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். பல படலங்களை ஒட்டிச் செய்த ஷாம்பு உறையை அவர் தொடமாட்டார். தென் சென்னையின் குப்பை பெருங்குடியில்தான் கொட்டப்பட்டு வந்தது. சதுப்பு நிலத்தில் எழுந்த அந்த மேடு, 2022 ஏப்ரலில் தீப்பற்றி நாட்கணக்கில் எரிந்தது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் சுற்றிலும் குடியிருந்த மக்கள்!

"என் காசு, நான் வீணாக்கினால் யாருக்கென்ன?" என்று கேட்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். காசு உங்களுடையதாக இருக்கலாம். காற்றும் கடலும் அல்லாஹ் தந்த அமானத். அடுத்தவர் மூச்சைக் கெடுப்பது அடியார்களின் ஹக்கில் கை வைப்பதாகும். அதை அவர்களே மன்னித்தாக வேண்டும் என்பது நாம் அறிந்ததே.

ஆகவே பிள்ளைகளுக்கு முதலில் கற்பிக்க வேண்டியது குறைத்துக்கொள்வதை; பிரிப்பது அதற்குப் பிறகுதான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இரு கை கொள்ளும் அளவான ஒரு 'முத்' தண்ணீரில் ஒளுச் செய்தார்கள். நாமோ குழாயைத் திறந்துவிட்டு ஊர்க்கதை பேசுகிறோம்!

இந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடம் மட்டும் நடத்திவிட முடியாது. நோன்புக் கஞ்சி வாங்க அன்று பிள்ளைகள் தூக்குவாளியோடு பள்ளிவாசலுக்கு ஓடினார்கள். தூக்குவாளி வீடு திரும்பும், கழுவி வைத்தால் மறுநாளும் உதவும். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை இருந்தும், பிளாஸ்டிக் பையில் கஞ்சி கட்டித் தருவதைச் சில இடங்களில் காண்கிறோம். வகுப்பில் ஒன்றும் வாசலில் வேறொன்றும் கண்டால் பிள்ளை எதை நம்பும்?

தாய்மார்களே! "இந்தப் பை நமக்கு எதற்கம்மா?" என்று உங்கள் குழந்தை கேட்டால், அதட்டி வாயை அடைத்துவிடாதீர்கள். அதன் கையில் ஒரு தூக்குவாளியைக் கொடுங்கள். வீண்விரயத்தைத் தவிர்த்து வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.