யாருடைய தட்டு, யாருடைய விரதம்?

2021 டிசம்பரில் கர்நாடக அரசு, மாநிலத்தின் வடகிழக்கில் உள்ள 7 மாவட்டங்களில் பள்ளி மதிய உணவோடு முட்டை கொடுக்கத் தொடங்கியது. சத்துக்குறைவு மிகுந்த மாவட்டங்கள் அவை. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் என்று மாற்றும் இருந்தது. அப்படியும் லிங்காயத்து மடாதிபதிகள் சிலர் கொதித்தெழுந்தார்கள். பள்ளிக்கூடத்தில் முட்டை கூடாது, பருப்பும் தானியமும் கொடுங்கள் என்றார்கள். அதற்கு 6 ஆண்டுகள் முன்பே மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை தரும் யோசனை வந்தபோது, அன்றைய முதல்வர் சிவராஜ் சிங் சௌகான் அதை ஏற்க மறுத்துவிட்டார்.

கொடுப்பவரின் விரதம் உண்பவரையும் கட்டுமா?

மடம் தன் சொத்தில் அன்னதானம் செய்யும்போது வெங்காயம், பூண்டு இல்லாமலே சமைக்கட்டும். கேட்க யாருக்கும் உரிமை இல்லை. அரசுச் சோறு வேறு. முட்டைக்காகத் தட்டை நீட்டும் பிள்ளையின் தாய் வாங்கும் சோப்பிலும் வரி இருக்கிறது. அந்தச் சோற்றில் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று அவ்வளவு எளிதாகக் கோடு கிழித்துவிட முடியாது.

புலால் மறுப்பில் வள்ளலாரைவிடக் கண்டிப்பானவர் தமிழ்நாட்டில் அரிது. கொல்லாமையையும் புலால் உண்ணாமையையும் ஏற்காதவர்களை அவர் புறவினத்தார் என்றே பிரித்து வைத்தார். ஆனால் பசி என்று வந்துவிட்டால் அந்தப் பிரிவினை அடுப்படிக்கு வரக்கூடாது என்பதிலும் அதே கண்டிப்பு. பசித்து வந்தவரின் தேசம், சமயம், சாதி, நடத்தை எதையும் விசாரிக்காமல் சோறு போடச் சொன்னார். புறவினத்தாரின் பசியையும் தீர்க்கச் சொன்னார். 1867இல் வடலூரில் அவர் தொடங்கிய தருமச்சாலையில் இன்றும் அடுப்பு எரிகிறது. அங்கே சைவச் சாப்பாடுதான். வருகிறவர் வீட்டில் என்ன சமைக்கிறார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

விசாரணை வேண்டும் என்பவர்களுக்கும் வேத ஆதாரம் இருக்கிறது. 2013இல் அமெரிக்காவில் உணவு மானியத்தைக் குறைக்கும் மசோதா மீது நாடாளுமன்றக் குழுவில் விவாதம் நடந்தது. கலிபோர்னியா உறுப்பினர் ஹுவான் வார்கஸ், பசித்தவருக்குக் கொடுத்தது தனக்கே கொடுத்தது என்று இயேசு சொல்லும் மத்தேயு நற்செய்திப் பகுதியை எடுத்துக் காட்டினார். டென்னசி உறுப்பினர் ஸ்டீபன் ஃபின்ச்சர், வேலை செய்ய மனமில்லாதவனுக்குச் சாப்பாடும் கிடையாது என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய கடிதத்தில் உள்ள அறிவுரையைப் பதிலாக வைத்தார். (ஃபின்ச்சர் பருத்தி விவசாயி, அரசின் வேளாண் மானியமாகப் பல லட்சம் டாலர் வாங்கியவர். அதற்கு அவர் எந்த வசனத்தைத் துணைக்கு அழைத்தாரோ!) அந்தக் கடிதம் ஒரு சிறு சபைக்குள், ஒருவரை ஒருவர் முகமறிந்தவர்களுக்கு எழுதப்பட்டது. அதை அப்படியே தூக்கிக் கோடிக்கணக்கான பேருக்கான சட்டமாக்கினால், வேலை தேடியும் கிடைக்காதவரும் மனமில்லாதவர் கணக்கில் விழுந்துவிடுகிறார். 2025இல் அமெரிக்காவில் நிறைவேறிய சட்டம் உணவு மானியத்துக்கான வேலை நிபந்தனையை 64 வயதுவரை நீட்டிவிட்டது.

இந்தியாவில் அந்த விசாரணையின் பெயர் வறுமைக்கோடு. 1997இல் மத்திய அரசு ரேஷனைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று இரண்டாகப் பிரித்தபோது தமிழ்நாடு அதைப் பின்பற்றவில்லை. அரிசி வேண்டாதவர் சர்க்கரை அட்டை வாங்கிக்கொள்ளலாம். எதுவுமே வேண்டாதவருக்குப் பண்டமில்லா அட்டை. வசதி உள்ளவர் தானாக விலகிக்கொள்ள வழி உண்டு, இல்லாதவர் ஏழ்மையை நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. கார் வைத்திருப்பவரும் வரிசையில் நிற்கிறாரே, ரேஷன் அரிசி எல்லை தாண்டிக் கடத்தப்படுகிறதே என்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் கடத்தலை லாரியில் பிடிக்க வேண்டும். அதற்காகக் கிழவியின் அட்டையைப் பறித்துப் பயனில்லை.

அப்படியானால் காசாகவே கொடுத்து, விருப்பப்பட்டதை வாங்கிக்கொள்ளச் சொன்னால் என்ன? புதுச்சேரி அதைச் செய்து பார்த்தது. 2015இல் அங்கே அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் வந்தது. அரிசிதான் வேண்டும் என்று அன்றைய முதல்வர் நாராயணசாமியின் அரசும், பணமே சரி என்று துணைநிலை ஆளுநர் கிரண் பேடியும் மோதிக்கொண்டு வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது. கேட்பதற்குப் பணம்தான் சுதந்திரம். நடப்பில், அரிசி வந்தால் உலையில் ஏறும். பணம் வந்தால் வீட்டில் யார் கைக்குப் போகும் என்பது வேறு கதை. மூடிக்கிடந்த ரேஷன் கடைகளைத் திறக்கச் சொல்லி மக்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2024இல் ரேஷன் கடைகள் மறுபடி திறந்தன.

விருப்பத்துக்கு இடம் கொடுக்கப் பணம் ஒன்றே வழியல்ல. 2023இல் தர்மபுரியிலும் நீலகிரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று தமிழக அரசு வைத்தது. விரும்பினால் வாங்கலாம், இல்லையேல் அரிசி. கர்நாடகத்தின் முட்டை, வாழைப்பழ ஏற்பாடும் இதே வகைதான். தமிழ்நாட்டுச் சத்துணவில் பல ஆண்டுகளாக முட்டைக்கு மாற்றாக வாழைப்பழம் போகிறது, எந்த விரதமும் அதனால் முறியவில்லை.

அடுத்த சண்டை எண்ணெயில் நடக்கிறது. தமிழ்நாட்டு ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குத் தரும் பாமாயிலை நிறுத்திவிட்டுத் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் தர வேண்டும் என்று விவசாயிகள் போராடுகிறார்கள். விலை கட்டுப்படியாகுமா என்று அரசு கணக்குப் பார்க்கிறது. இரண்டு தரப்பு நியாயமும் செய்தித்தாளில் வந்துவிடுகிறது. அந்த எண்ணெயில் தாளிக்கப் போகிற அட்டைதாரரிடம் எது வேண்டும் என்று இன்னும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.